தொண்டை கட்டியவர்

பக்கத்து வீட்டு அண்ணன் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை என்று எழுதத்தான் எனக்கு ஆசை. எழுதினால் பொய்யாகிவிடும். அதனால் அவருடைய சத்தத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மெதுவாகப் பேசிய கதை எப்படியும் பின்னால் வந்துதான் தீரும்.

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் எங்கள் தாமான், குடியிருப்பு வரிசை, வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் வரிசை முழுக்கத் தும்மும். அண்ணனுக்கு மீன் வியாபாரம். விடிவதற்குள் லூமுட் பக்கம் போய்ப் படகுக்காரர்களிடம் மீன் எடுத்து, ஈப்போ காலைச் சந்தையில் விற்றுவிட்டு மதியம் வேனில் திரும்புவார். வேன் முனையில் திரும்பும்போதே குரல் வந்துவிடும்.

"சோத்தப் போடு லா! பசி உசுரு போவுது!"

"ஐயோ, மெதுவாத்தான் பேசித் தொலையுங்களேன். அந்த மல கூடத் திருப்பிப் பேசுது" என்பார் அக்கா, அவர் மனைவி. எங்கள் தாமானுக்குப் பின்னால் நிற்கும் சுண்ணாம்புக் குன்றைச் சொல்கிறார்.

"பேசட்டுமே. அதுக்கும் பேச்சுத் தொணைக்கு ஆள் வேணாமா?"

அவர் போனில் பேசும்போது எதற்குப் போன் என்று எனக்குத் தோன்றும். சித்தியவானில் இருக்கும் தன் மச்சானோடு பேசினால், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினாலே போதும், சித்தியவானுக்குக் கேட்டுவிடும். ஒருமுறை நான் சந்தைக்குப் போயிருந்தேன். உள்ளே நுழையாமலே அவர் எந்த மூலையில் நிற்கிறார் என்று தெரிந்தது. "மலிவு மலிவு! மூரா மூரா! பெங் பெங்!" தமிழிலும் மலாயிலும் கேண்டனீஸிலும் ஒரே மூச்சில் மலிவு விற்றுக்கொண்டிருந்தார். லூமுட்டில் தவுக்கேக்களோடு, சீனப் படகு முதலாளிகளோடு, பேரம் பேசுவது அவர்களுடைய ஹொக்கியனில். சண்டை என்று வந்தால் மட்டும் தமிழ். தமிழில் திட்டினால்தான் திட்டிய மாதிரி இருக்கும் என்பார்.

அந்தக் குரலுக்கு எங்கள் வட்டாரத்தில் ஒரு வேலையும் இருந்தது. கல்யாண மண்டபங்களில் மேளக்காரர்கள் ஒரு கோடியில், மணவறை இன்னொரு கோடியில். நடுவில் ஆயிரம் வாய் பேசும். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் மேளம் கொட்ட வேண்டுமே? அதற்கு அண்ணனை முன்வரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள். கையைத் தூக்கி "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால், தூங்கிக்கொண்டிருந்த தவில்காரரும் அடிக்க ஆரம்பித்துவிடுவார். பந்தி பரிமாறுபவர்களை முன்கூட்டியே சொல்லிவைப்பது மாதிரி, கெட்டி மேளத்துக்கு இவரைச் சொல்லிவைப்பார்கள். என் கல்யாணத்துக்கும் அவர்தான் சொன்னார். வீடியோவில் என் முகத்தைவிட அவர் சத்தம்தான் தெளிவாக இருக்கிறது.

இப்படிப்பட்ட மனிதருக்கு இங்கிலீஷ் காதில் விழுந்தால் போதும், ஆள் சுருங்கிப்போவார்.

இதை நான் நேரில் பார்த்தது அவர் மகள் கல்லூரியில் பட்டம் வாங்கிய அன்று. ஒரே மகள். "நீங்களும் வாங்க டீச்சர், எனக்கு அங்க வாய் வராது" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நான் தமிழ்ப்பள்ளியில் இங்கிலீஷ் சொல்லித்தருகிறவள். விழா முடிந்து மகளுடைய விரிவுரையாளர் ஒருவர் எங்களிடம் வந்து, உங்கள் மகள் கெட்டிக்காரி என்கிற மாதிரி இங்கிலீஷில் நாலு நல்ல வார்த்தை சொன்னார். அண்ணன் இரண்டு கையையும் கூப்பினார். சிரித்துக்கொண்டே ஓர் அடி பின்னால் போனார். இன்னும் கொஞ்சம் போனார். கடைசியில் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

திரும்பி வரும்போது வேனில் கேட்டேன்: "மலாய்ல பேசியிருக்கலாமே அண்ணே? உங்க மலாய் என் மலாய விட நல்லாருக்குமே."

"பேசிருக்கலாம் டீச்சர். வாய் வரல. இங்கிலீஷ் கேட்டாலே எனக்குச் செருப்பக் கழட்டணும் போல இருக்கும்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு காரணத்தையும் அவரே சொன்னார். சித்தியவான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா பால்மரம் சீவியவர். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையைக் கிராணி என்பார்கள். அந்தக் கிராணி வீடு மேட்டில் இருந்தது. இவர் சின்னப் பையனாக அந்த வீட்டுக்கு விறகு கொண்டுபோய்ப் போடுவார். செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பின்வாசலில் நிற்க வேண்டும். உள்ளே கிராணி குடும்பம் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொள்ளும்.

"திட்டல்லாம் மாட்டாங்க டீச்சர், நல்லவங்க. பிஸ்கட் குடுப்பாங்க. அத வாய்ல போடாம கையில வெச்சுக்கிட்டே நிப்பேன். அவங்க சிரிச்சா, என்னப் பாத்துத்தான் சிரிக்கிறாங்களோன்னு இருக்கும்."

அந்தத் தோட்டத்தில் இப்போது ரப்பருக்குப் பதில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. கிராணி வீடு இருந்த மேடும் இல்லை என்றார். ஆனால் அந்தப் பின்வாசலில் அவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். அது தெரிந்தும் நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் தமிழ், கடையில் மலாய், யூடியூபில் இங்கிலீஷ் என்று வளர்கிறவர்கள். "வீட்டுலயே இங்கிலீஷ் பேசினாத்தான் நல்லா வருமாமே டீச்சர்?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். ஆமாம் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன், இந்த வருஷமும் சொன்னேன். அப்படிச் சொன்ன வீடுகளில் பேச்சை நிறுத்திக்கொண்ட அப்பாக்கள் எத்தனை பேரோ, போய்ப் பார்த்ததில்லை.

மகளுக்கு முதல் வரன் வந்தபோது அண்ணன் வாசலுக்கே போய் அழைத்து வந்தார். வந்தவர்கள் ஈப்போக்காரர்கள், பதவிசாகப் பேசுகிறவர்கள். இவர் விடவே இல்லை. நல்ல நண்டை எப்படிப் பார்த்து எடுப்பது என்று ஒரு பாடமே நடத்தினார். தவுக்கே ஒருவரை ஏமாற்றிய கதையை நடித்துக் காட்டினார். அவர்கள் சிரித்தார்கள். நல்லபடியாக முடிந்தது என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். வரன் கொண்டுவந்த அம்மாள் மறுவாரம் சொல்லியனுப்பினார்: பெண் பிடித்திருக்கிறது, ஆனால் அவர்கள் வீட்டில் இங்கிலீஷ் பேசும் குடும்பமாகப் பார்க்கிறார்களாம்.

அன்று மதியம் வேன் சத்தமில்லாமல் வந்தது. வேலி ஓரமாக வந்து நின்று என்னைக் கூப்பிட்டார்.

"நான் ரொம்பப் பேசிட்டேனா டீச்சர்?"

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லண்ணே."

"பேசிட்டேன் லா. தெரியுது."

அடுத்தது வரன் என்றுகூடச் சொல்ல முடியாது. மகள் கோலாலம்பூரில் வேலைக்குப் போன இடத்தில் அவளுக்கும் ஒரு பையனுக்கும் பிடித்துப்போய்விட்டது. நல்ல பிள்ளை. அவனுடைய தாத்தா பேராக்கில் ஏதோ ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவராம். குடும்பம் எப்போதோ கோலாலம்பூருக்குப் போய்விட்டது, வீட்டில் இங்கிலீஷ்தான். இதைக் கேட்டதும் அக்கா அலமாரியிலிருந்த கோப்பைகளை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். இந்த முறை கெட்டுப்போகக் கூடாது. மகள் என்னிடம் வந்து, "ஆன்ட்டி, அன்னிக்கு நீங்க கூட இருங்க. அம்மாவுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்று கேட்டாள்.

சொல்லிக் கொடுத்தேன். கூடத்தில் உட்கார்ந்து ஒத்திகை. நான்தான் மாப்பிள்ளையின் அம்மா. அக்கா தட்டை ஏந்திக்கொண்டு "கம் இன், ப்ளீஸ். சிட், ப்ளீஸ். டீ, ப்ளீஸ்" என்று எல்லாவற்றுக்கும் ஒரு ப்ளீஸ் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அண்ணன் மூலை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன வசனம் கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அவரே தொண்டையைக் கனைத்தார்.

"எனக்குத் தொண்ட கட்டிருச்சுன்னு சொல்லிடுங்க லா."

சிரிப்பு நின்றது.

"மீன் விக்கிற ஆளு. கத்திக் கத்திக் கட்டிருச்சு. யாரும் சந்தேகப்படமாட்டாங்க. நான் சும்மா உக்காந்திருக்கேன்."

சொல்லிவிட்டு எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் எதற்காகப் பார்த்தார் என்று எனக்கு அப்போதே தெரியும். "போங்கப்பா, அதெல்லாம் வேணாம்" என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். அக்கா தட்டில் இருந்த கோப்பைகளை ஒழுங்குபடுத்தினார். மகள் போனைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அந்த வீட்டுத் தரையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட மொசைக், இன்னும் கண்ணில் நிற்கிறது.

"சரிப்பா" என்றாள் மகள்.

அவர்கள் வந்த மாலையில் அண்ணன் கழுத்தில் வெள்ளைத் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொண்டைக்காரர் என்றால் நம்ப வேண்டுமே. மகள் இங்கிலீஷில் விளக்கினாள். பையனின் அம்மா நெஞ்சில் கை வைத்துப் பாவம் பாவம் என்றார், அதுவும் இங்கிலீஷில். நல்ல மனுஷி. வந்த நேரம் முதல் இவர் பக்கம் திரும்பித் திரும்பிச் சிரித்துக்கொண்டே இருந்தார். பையனின் அப்பா வறுத்த மீனை ருசித்துவிட்டு, "வாட் ஃபிஷ் இஸ் திஸ்?" என்று கேட்டார். மீனைப் பற்றிய கேள்வி. அண்ணன் வாயைத் திறந்தேவிட்டார். உடனே துண்டைப் பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, "யெஸ், ஃபிஷ்" என்றார்.

கல்யாணம் நிச்சயமானது. நாங்கள் எல்லோரும் அந்த "யெஸ், ஃபிஷ்"ஷைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஒரு மாலைப் பொழுதுக்கென்று கட்டிய தொண்டை, அதன்பிறகு அவிழ வழியில்லாமல் போகும் என்று யோசிக்கவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு வந்தார்கள்; துண்டு. புடவை எடுக்க வந்தார்கள், துண்டு. அவர்கள் கார் முனை தாண்டும்வரை காத்திருந்து, "அப்பாடா, செத்தேன் லா!" என்று ஒரு சத்தம் போடுவார். அதற்கும் சிரிப்போம்.

சிரிப்பு போனது கல்யாணத்தன்று. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். பழக்கதோஷத்தில் மண்டபத்தில் பாதிப் பேர் பெண்ணின் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணனின் வலது கை தானாக மேலே போனது. வாய் திறந்தது. எதிரே சம்பந்தி அம்மாள் அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். கையை இறக்கிவிட்டார். ஐயர்தான் சொன்னார், பாவம், மெல்லிய குரல், மேளக்காரர்களுக்கு எட்டவே இல்லை. தாலி ஒரு முடிச்சு விழுந்த பிறகு அவசர அவசரமாகக் கொட்டினார்கள். ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் கெட்டி மேளம் சொன்னவரின் மகளுக்கு மேளம் பிந்தியது. எனக்கு அங்கேயே எழுந்து போய்விடலாம் போல இருந்தது. போகவில்லை. அட்சதை போட்டேன்.

சம்பந்தி அம்மாள் கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த அம்மாள் பனங்கற்கண்டு அனுப்பினார். தேன் அனுப்பினார். கோலாலம்பூரில் தனக்குத் தெரிந்த தொண்டை டாக்டர் இருக்கிறார், கூட்டிக்கொண்டு போகிறேன் என்று போனில் மகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த டாக்டருக்குப் பயந்தே அண்ணன் மகள் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்.

"சரியாயிடுச்சுன்னு சொல்லிடலாமே அண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சரியாயிடுச்சுன்னா பேசணுமே டீச்சர். அந்த வீட்டுல போயி எதுல பேசுறது?"

மாப்பிள்ளைக்கு விஷயம் தெரியும். மகள் சொல்லியிருந்தாள். அவரும் வாய் திறக்கவில்லை. ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், இனிமேல் சொன்னால் அசிங்கம் என்றாராம். அந்த நியாயத்தைத்தான் நாங்களும் வைத்திருந்தோம்.

பேத்தி பிறந்த பிறகுதான் அவருக்கு வலிக்க ஆரம்பித்தது. அந்தக் குழந்தைக்கு முதல் வார்த்தையிலிருந்து இங்கிலீஷ். "தாத்தா கேனாட் டாக்" என்று கோலாலம்பூர்ப் பாட்டி, அதனுடைய 'கிராண்மா', சொல்லிக்கொடுத்திருந்தார், அன்பாகத்தான். குழந்தை ஈப்போ வந்தால் இவர் கையைப் பிடித்துக்கொண்டு வேனுக்கு இழுத்துப் போகும். சைகையில் சாப்பிட்டாயா என்று கேட்கும். இவரும் சைகையில் ஆமாம் என்பார். சம்பந்தி அம்மாள் வராத நாட்களிலும் இப்படித்தான், ஏனென்றால் குழந்தை திரும்பிப் போய் ஒன்று விடாமல் ஒப்பித்துவிடும். சொந்த வீட்டில், சொந்தப் பேத்தியிடம், ஊமை வேஷம். அது கிளம்பிப் போன பிறகு சத்தம் போடுவதுகூட நின்றுவிட்டது.

சத்தம் முழுக்கப் போனது ஓர் இடத்துக்கு. அண்ணனுக்கு டைப் செய்ய வராது. அதனால் தினமும் சந்தையிலிருந்து மகளுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். "தாயி! சாப்டியா? இன்னிக்கு எறா நல்லா வந்திருக்கு! இரு, ஆள் வந்துட்டாங்க. மலிவு மலிவு! மூரா மூரா! பெங் பெங்!" மகள் அவற்றை வீட்டில் கேட்க மாட்டாள். குழந்தையை நர்சரியில் விடப் போகும்போது காரில் போட்டுக் கேட்பாள். ஒரு தடவை ஈப்போ வந்திருந்தபோது என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"பாப்பா அவரக் 'கார் அங்கிள்'னு சொல்லுது ஆன்ட்டி. கார்ல ஏறினதும் 'கார் அங்கிள் போடு, கார் அங்கிள் போடு'ன்னு ஒரே தொல்ல. மலிவு மலிவுன்னு கூடவே கத்தும். அதுக்குத் தெரிஞ்ச தமிழே அதுதான்."

"அது தாத்தான்னு சொல்ல வேண்டியதுதானே?"

சிரிப்பு நின்றது. "சொன்னா அது கிராண்மாகிட்ட சொல்லிடும் ஆன்ட்டி."

நான் பொறுக்க முடியாமல் அண்ணனிடம் இதைச் சொல்லிவிட்டேன். வேன் கதவைக் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடினார். "என் சத்தத்த அது கத்துதா?" என்று இரண்டு மூன்று முறை கேட்டார். மறுநாள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார், குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு.

"டீச்சர், பாப்பாகிட்ட ஒரே ஒரு வாட்டிப் பேசணும். மத்தவங்க என்ன நெனச்சாலும் பரவால்ல. ரெண்டு வரி சொல்லிக் குடுங்க, இங்கிலீஷ்ல."

"ஹலோ பாப்பா. திஸ் இஸ் தாத்தா. ஹவ் ஆர் யூ?" என்று சொல்லிக்கொடுத்தேன்.

"அது திருப்பி எதாச்சும் சொன்னா?"

"சொல்லட்டும். சொல்லி முடிக்கிற வரைக்கும் சும்மா இருங்க. அப்புறம் 'குட், குட்'னு சொல்லுங்க."

"எது சொன்னாலும் குட்டா?"

"எது சொன்னாலும் குட்தான் அண்ணே."

அந்த வாய்க்குள் அந்தச் சொற்கள் வந்ததும் அவை முனகலாகத்தான் வெளியே வந்தன. பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் மெதுவாகப் பேசிக் கேட்டது அப்போதுதான். மதியங்களில் வேன் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து சொல்லிப் பார்ப்பார். உதடு அசைவது தெரியும்.

"எப்ப பேசப் போறீங்க?" என்று கேட்டால், "சத்தம் வரட்டும் டீச்சர். இங்கிலீஷ்ல இன்னும் சத்தம் வரல" என்பார்.

நானும் விடாமல் அவரைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'தாத்தா, சாப்டீங்களா' என்று அந்தக் குழந்தைக்குச் சொல்லிக்கொடு என்று அதன் அம்மாவிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. கல்வித் துறையில் இருக்கிறேன் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன். வெட்கம்.

அண்ணன் சந்தையில்தான் போனார். மீனை நிறுத்துக்கொண்டிருந்தவர் பெட்டி மேல் உட்கார்ந்தார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த சீன மீன்காரர்களும் ஐஸ் கொடுக்கும் மலாய்க்காரரும் அவர் குரலைப் பற்றித்தான் அக்காவிடம் பேசினார்கள். இனிமேல் சந்தையில் காது வலிக்காது என்று ஒரு கிழவர் சொல்லிவிட்டு அழுதார். சம்பந்தி வீட்டார் அந்தச் சமயம் வெளிநாட்டில் மூத்த மகள் வீட்டில் இருந்தார்கள். இதை எழுதக் கை கூசுகிறது, அவர்கள் இல்லாதது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது.

கருமாதிக்கு அந்த அம்மாள் மட்டும் ரயிலில் வந்தார். அவரை அழைத்துவர மகள் காரை எடுத்தாள். நானும் குழந்தையும் பின்னால். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் மகள், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "அப்பா போன அன்னிக்குக் காலைல அனுப்புன மெசேஜ் ஒண்ணு இருக்கு ஆன்ட்டி. இன்னும் தொறக்கல. முடியல."

சம்பந்தி அம்மாள் முன்சீட்டில் ஏறினார். என் கையைப் பிடித்து, "ஸோ சேட். ஒன் டே ஆல்ஸோ வீ நெவர் ஹியர் ஹிஸ் வாய்ஸ்" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் தலையாட்டினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

கார் சந்தையைத் தாண்டிச் சிவப்பு விளக்கில் நின்றது. குழந்தை அம்மாவின் போனை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது.

"மம்மி, நியூ ஒன்! கார் அங்கிள்!"

மகள் திரும்புவதற்குள் அழுத்திவிட்டது. காரின் ஸ்பீக்கர்கள் எல்லாவற்றிலும் சந்தை வந்தது. கத்தி பலகையில் விழும் சத்தம். யாரோ கேண்டனீஸில் விலை கேட்கிறார். "மலிவு மலிவு! மூரா மூரா! பெங் பெங்!" குழந்தையும் சீட்டில் எம்பி எம்பி அதே இழுப்பில் கத்தியது. சம்பந்தி அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஹூ இஸ் திஸ்?" மகளின் கை திரையை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது.

"தாயி, போனப் பாப்பாகிட்ட குடு" என்றது குரல். கனைத்துக்கொண்டது.

பிறகு அந்தச் சந்தையே திரும்பிப் பார்த்திருக்கும்.

"ஹலோ பாப்பா! திஸ் இஸ் தாத்தா! ஹவ் ஆர் யூ?"

முழுச் சத்தம். கெட்டி மேளச் சத்தம். வந்துவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு பேச்சில்லை. கத்தி பலகையில் விழுந்துகொண்டிருந்தது. நான் சொல்லிக்கொடுத்தபடியே அவர் காத்திருந்தார். குழந்தை திறந்த வாயோடு என்னைப் பார்த்தது, போனைப் பார்த்தது. பிறகு நர்சரியில் பழக்கியபடி நிமிர்ந்து உட்கார்ந்து, மரியாதையாகப் பதில் சொன்னது.

"ஐ ஆம் ஃபைன், தாத்தா."

"குட்! குட்!" என்றார் அண்ணன்.

அவ்வளவுதான் மெசேஜ். குழந்தைக்குத் தலைகால் புரியவில்லை. "மம்மி! கிராண்மா! தாத்தா கேன் டாக்! தாத்தா கேன் டாக்!"

சம்பந்தி அம்மாள் மெதுவாகத் திரும்பினார். மகளைப் பார்த்தார். மகள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தாள், கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். அந்த அம்மாள் தமிழ் பேசி அத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை. பேசினார், நம் வீடுகளில் பேசுகிற தமிழ்தான், எந்தத் தடங்கலும் இல்லை.

"ஏன் டீச்சர், அவருக்குத் தொண்டைல என்னதான் கோளாறு?"

பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் குனிந்து, நன்றாகவே மாட்டியிருந்த குழந்தையின் சீட் பெல்ட்டைச் சரிசெய்ய ஆரம்பித்தேன்.